நெடிலுக்கு ஒரு கோடு

ரோட்டோநுயி ஏரிக்கரை
10 ஜனவரி 1998

பிரிஹிரா டீச்சருக்கு,

போன் போட்டுப் பேசிவிடு என்றுதான் என்னோடு துடுப்புப் போடும் நைரி சொன்னாள். போட்டால் நீ என் பேச்சில் பிழை திருத்த ஆரம்பிப்பாய், நான் போனை வைத்துவிடுவேன், மறுபடி மூன்று வருஷம் ஓடிவிடும். அதனால் கடிதம். நான் எழுதவில்லை, கிளப் எழுதச் சொல்கிறது. தலைவி நான் என்பதால் கையெழுத்து என்னுடையது. அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று குஷியாகிவிடாதே.

விஷயம் இதுதான். மார்ச் பதினான்காம் தேதி துடுப்புப் படகுத் திருவிழா நம் ஏரியில் நடக்கிறது. இத்தனை காலம் அடுத்தவர் ஏரியில் துடுப்புப் போட்டு, அடுத்தவர் சபை வீட்டில் மெத்தை விரித்துப் படுத்துவிட்டு வந்தோம். இந்தத் தடவை நாடு முழுக்க நம் வாசலுக்கு வருகிறது. குழியடுப்புக்கு விறகு வெட்டியாகிவிட்டது, பன்றிக்குச் சொல்லியாகிவிட்டது. ஆண்களுக்குப் படகு இருக்கிறது, பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் போட்டியில் மட்டும் நம் கரைக்கு ஆள் போதவில்லை. ஆறு இருக்கைக்கு ஐந்து பேர்தான் இருக்கிறோம். ஆறாவதில் உட்கார்ந்து திசை பிடிக்கிறவள் இல்லை. மத்தியானக் காற்றில், பக்க மிதவை தூக்கிவிடாமல், தண்ணீரில் மிதக்கவிட்ட திருப்பக் குறியைச் சுற்றிப் படகைத் திருப்பத் தெரிந்தவள் இந்தக் கரையில் ஒருத்திதான் பிறந்தாள். அந்த மகாராணி ஹாமில்டனில் குடியிருக்கிறாள்.

எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. முழங்கால் இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம். என் சொந்தத் தண்ணீரில் ஊரார் போட்டி போட, நான் கரையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவ வேண்டுமா? ஒரு தடவையாவது அதில் இறங்கிவிட வேண்டும். இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ளாதே. தகவல்.

கிளப் மாற இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது.

மாகெரே
தலைவி


ஹாமில்டன்
19 ஜனவரி 1998

அன்புள்ள அக்கா,

‘அன்புள்ள’ என்பது கடிதம் எழுதும் முறை. அதற்குமேல் அர்த்தம் தேட வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை பிழைகளுக்காக. உறையின் பின்பக்கம் மாவோரியில் நீ எழுதியிருந்தது ஒரே ஒரு வரி, அதில் மூன்று பிழை. பரவாயில்லை, தலைவிகள் எழுதும்போது அப்படித்தான் ஆகும்.

வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. படகின் பெயரைத் திருத்து.

பெயரைச் சொன்னவள் நான். தாவுவா. நீயும் நானும். கூட்டத்தைச் சேர்த்து ‘நாம்’ என்று சொல்கிற சொல் இல்லை அது, எதிரெதிரே நிற்கிற இரண்டே பேருக்கான சொல். முன்னிருக்கையில் நீ, கடைசி இருக்கையில் நான், நடுவில் நாலு பேர். நீயும் தலையை ஆட்டினாய். விடியற்காலையில் பெரியவர் ஏருவேரா வந்து நீர் தெளிக்க நின்றார். துணியை விலக்கினீர்கள். பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ‘தவுவா’. முதல் ‘a’ எழுத்தின் தலையில் கோடு இல்லை. கோடு போட்டால் நெடில், நீயும் நானும். போடாவிட்டால் குறில், போர்ப்படை. பெரியவர் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்து, சண்டைக்குப் போகிற படகை எப்படி வாழ்த்தி அனுப்புவார்களோ அப்படி வாழ்த்தினார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முந்தின வாரம்தான் பயிற்சி நேரத்தைப் பற்றி நீயும் நானும் கத்திக்கொண்டது ஊருக்கே தெரியும். உன் பதிலைப் பெயிண்டில் எழுதிவிட்டாய். பொறுக்க முடியாமல்தான் நான் கிளப்பை விட்டுக் கிளம்பினேன்.

ஒரு கோடு, அக்கா. ஒரு தூரிகை, ஒரு சொட்டு சிவப்பு. பெரியவரை மறுபடி கூப்பிட்டு, அன்று நின்றவர்கள் எதிரில், தப்பாக எழுதிவிட்டோம் என்று உன் வாயால் சொல்லிவிட்டுக் கோட்டைப் போடு. மறுநாளே படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

பிரிஹிரா


ஏரிக்கரை
27 ஜனவரி 1998

டீச்சருக்கு,

முடியாது.

நீர் தெளித்துப் பெயர் சொல்லியாகிவிட்டது. அதை மறுபடி எடுத்துத் தோண்ட நான் விடமாட்டேன். காரணம் கேட்காதே, சொல்லமாட்டேன். தப்பு என்றால் என்னுடையது, என் தலையில் போட்டுக்கொள்கிறேன், மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மாகெரே சண்டைக்காரி என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும்.

நீ யார் எங்களுக்குச் சொல்லித்தர? முப்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் புத்தகத்தைப் பிரித்து நம் மொழியைக் கற்றாய். நல்லது. கற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்தாய்? வைத்தி அத்தை செத்தபோது, சடலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அவள் மகளிடம் போய், “அந்த இடத்துல அப்படி வராதும்மா, வினை முன்னால வரணும்” என்றாய். அவள் அழுகையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள் பாரு ஒரு பார்வை. இன்றைக்கும் இங்கே சாவு விழுந்தால், “டீச்சர் வர்றதுக்குள்ள அழுதுடுங்க” என்று சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

வருவதாக இருந்தால் வா. படகு எப்படி இருக்கிறதோ அப்படியே ஏறு. இல்லையென்றால் உன் நிபந்தனையை மடித்து உன் அலமாரியில் வைத்துக்கொள்.

நாங்கள் ஐந்து பேரும் தினம் சாயங்காலம் தண்ணீரில் இருக்கிறோம். உன் அத்தான் தூரோவா மிதவையைக் கழற்றித் தேய்த்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார். உன்னை விசாரித்தார். அவர் எல்லோரையும் விசாரிப்பார்.

மாகெரே


ஹாமில்டன்
6 பிப்ரவரி 1998

அக்கா,

கடைசித் தேதி முடிந்தது. நீ கோடு போடவில்லை, நான் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே மார்ச் பதினான்காம் தேதி இந்த ஊர் கிளப்பின் படகில் ஆறாவது இருக்கையில் வருவேன். என் படகில் இருக்கும் ஐந்து பேரும் வெள்ளைக்காரிகள். ஒருத்தி பல் டாக்டர். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். நம் கரையில் அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

அந்த ஏரியில் எந்த மணிக்கு எந்தப் பக்கமிருந்து காற்று வரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு அதைச் சமாளிக்க ஆள் இல்லை, எனக்கு நான் இருக்கிறேன். வெண்ணெய் நிறைய வாங்கி வை.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். திருவிழா மலர் போடுகிறவர்கள் படகுப் பெயர்களுக்கு அர்த்தம் கேட்டு எனக்கு எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் எழுதி அனுப்பினேன். உங்கள் படகுக்கும் அனுப்பினேன், விவரமாக. வேண்டுமென்றே எழுதியது என்று போடவில்லை, தெரியாமல் எழுதியது என்றே போட்டேன். சொந்தப் படகின் பெயரைச் சரியாக எழுதத் தெரியாதவர்கள் திருவிழா நடத்துகிறார்கள் என்று வருகிறவர்களுக்கும் தெரியட்டும்.

பிரிஹிரா


ஏரிக்கரை
20 பிப்ரவரி 1998

பிரிஹிராவுக்கு,

மலர் வந்தது. நீ அனுப்பியதை அச்சடித்தவன் இன்னும் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்திருக்கிறான். உனக்கும் சந்தோஷமாக இருக்கட்டும், எழுதுகிறேன்:

“ரோட்டோநுயி பெண்கள் படகு: தவுவா, அதாவது போர்ப்படை. ‘நீயும் நானும்’ என்று எழுதத்தான் நினைத்தார்களாம். ஒரு கோடு குறைந்துபோனதில் சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். பக்கத்துப் பாதையில் வருகிறவர்கள் ஜாக்கிரதை.”

பெட்ரோல் பங்கில் நாலு பேர் இதைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது தூரோவா உள்ளே போயிருக்கிறார். ஒருவன், “என்ன தூரோவா, போருக்கு எப்ப கிளம்புறீங்க? யாருப்பா அந்தப் பெயிண்டரு?” என்று கேட்டிருக்கிறான். “நான்தான்” என்றிருக்கிறார். பெட்ரோலுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போய், பெயரை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டார். நான் போகும்போது வெறும் வெள்ளைதான் இருந்தது. கைவிரலெல்லாம் சிவப்புத் தூள்.

இப்போது சொல்கிறேன், கேள். அந்தப் பெயரை எழுதியது அவர். கார்களுக்குப் பெயிண்ட் அடித்து வாழ்க்கையை ஓட்டிய மனுஷன், நம் மொழியில் ஒரு சொல்லை வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதினார். மூன்று நாள் கொட்டகைக்குள் யாரையும் விடவில்லை. தலையில் கோடு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? வீட்டில் அந்த மொழி காதில் விழுந்தால் அவருடைய அப்பாவே பெல்ட்டைக் கழற்றுவார், பிள்ளை ஆங்கிலம் பேசிப் பிழைக்க வேண்டும் என்று. துணியை விலக்கிய பிறகு உன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. அவருக்கு அப்போதும் புரியவில்லை, பெருமையாக நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் என்ன சொல்ல வேண்டும்? என் புருஷனுக்கு எழுதத் தெரியாது என்றா? வேண்டுமென்றேதான் எழுதினேன் என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும் என்று விட்டேன். அதை வைத்து அவரை மூன்று வருஷம் காப்பாற்றினேன். நீ ஒரு தபால்தலை ஒட்டி முடித்துவிட்டாய்.

நன்றாகப் படித்தாய், பிரிஹிரா. படித்து என்ன பிரயோஜனம், மனுஷி ஆகவில்லை.

வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, திருவிழா எல்லோருக்கும் பொது. என் வீட்டுக்கு வராதே.

மாகெரே


ஹாமில்டன்
26 பிப்ரவரி 1998

அக்கா,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கமாட்டேன். இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. அத்தானிடம் சொல். நேரில் வந்து சொல்லவும் தயார், வீட்டுக்கு வராதே என்கிறாய், கரையிலாவது நின்று சொல்கிறேன். உங்கள் படகில் ஏறுகிறேன் என்று சொல்லவும் நினைத்தேன். தேதி போய்விட்டது, போட்டி நடத்துகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதே. நீ அன்றே என் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் கேட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்கால வகுப்பு பத்து வருஷமாக நடத்துகிறேன், காசு வாங்குவதில்லை, கதவைச் சாத்துவதும் இல்லை. அத்தான் வந்தார், உனக்கு நினைவிருக்கும், படகு வாங்குவதற்கு முந்தின வருஷம். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் அவருக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன், வரவில்லை. குறில் நெடில் இரண்டாவது வாரப் பாடம். இன்னொரு தடவை ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கோடு அன்றைக்கே அவர் கைக்கு வந்திருக்கும். திறந்திருக்கிற கதவுக்குள் நுழையச் சோம்பல்படுகிறவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். உண்மைதானே, இருக்கட்டும்.

பிரிஹிரா


ஏரிக்கரை
3 மார்ச் 1998

டீச்சருக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘நாற்காலி போட்டு வைத்திருந்தேன்’ என்ற இடம் வந்ததும் சிரித்தார். என்ன சிரிப்பு என்றேன். இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

அன்றைக்கு நீ பலகையில் ஒரு வரி எழுதி, அவரை எழுந்து படிக்கச் சொன்னாய். ‘அக்கா வீட்டில் கேக் சாப்பிட்டேன்.’ கெகெ என்றால் கேக். அவர் இழுத்து ‘கேகே’ என்று படித்துவிட்டார். அக்குள். அக்கா வீட்டில் அக்குள் சாப்பிட்டேன். வகுப்பு சிரித்தது. சிரிக்கிற விஷயம்தான், எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அதோடு நீ நிறுத்தினாயா? “எங்க அத்தானுக்குச் சாப்பாடு பிரச்சினையே இல்ல, கையத் தூக்கினா போதும்” என்றாய். இருபது பேர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தாராம். இடைவேளையில் ஒருவன் அவர் எதிரில் கையைத் தூக்கி, “பசிக்குதா?” என்று கேட்டிருக்கிறான். அதற்கும் சிரித்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று ராத்திரி என்னிடம் சொன்னது இதுதான்: “உன் தங்கச்சி நல்லாத்தான் சொல்லித் தர்றா. எனக்குத்தான் கண்ணு சரியில்ல, பலக தெரியல.” நான் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், பிரிஹிரா. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

சோம்பல் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடிக்காமல் விட்டாயே, அதுவும் நல்லதுதான். அவர் முழுசாகக் கேட்டுவிட்டார்.

ஆறாவது இருக்கைக்கு ஆள் கிடைத்துவிட்டது. கடைக்கார ஹேசல். எந்தக் கிளப்பிலும் இருந்ததில்லை, அதனால் தேதிப் பிரச்சினை இல்லை. ஐம்பத்திரண்டு வயது, நீச்சல் தெரியும், திசை பிடிக்கத் தெரியாது. “எந்தப் பக்கம் குத்தினா எந்தப் பக்கம் போகும்?” என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். சிரிக்க நீ தயாராக வரலாம். தூரோவா போட்டியன்று காவலுக்கு மோட்டார் படகு ஓட்டுகிறார்.

மாகெரே


ஹாமில்டன்
17 மார்ச் 1998

அக்கா,

முதலில் வந்தோம், பார்த்தாய். உங்கள் படகு முதல் திருப்பத்திலேயே நாணலுக்குள் போய்ச் செருகியதை நானும் பார்த்தேன். ஹேசல் துடுப்பைத் தப்பான பக்கம் குத்தினாள். முன்னிருக்கையில் நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், நாணலையே துடுப்பால் அடித்துக்கொண்டிருந்தாய். நான் என் படகைக் கச்சிதமாகத் திருப்பிக்கொண்டு போனேன். அப்படித் திருப்பியதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பரிசு கொடுத்துவிட்டு மைக்கைக் கையில் தந்தார்கள். நான் நம் மொழியில் பேசினேன். ஏரியை வணங்கி, செத்துப்போனவர்களை நினைத்து, கரையை வாழ்த்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் பேசினேன். பேசி முடித்து நின்றேன். ஒருவர் பேசி முடித்தால் அவருடைய ஆட்கள் எழுந்து பாட வேண்டும். பாட்டு விழாத பேச்சு அனாதைப் பேச்சு, உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் படகுக்காரிகளுக்கு அது தெரியாது. கை தட்டினார்கள், அப்புறம் அதுவும் நின்றது. நம் கரை ஆட்கள் மூன்று வரிசை உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் எனக்குச் சொந்தம். ஒருவரும் அசையவில்லை. நீ, பொரித்த ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாய். எனக்கு மைக்கைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. ஐம்பத்துநாலு வயதில், சொந்த ஊரில், அப்படி ஒரு நிற்பு.

அப்போது அத்தான் எழுந்தார். உங்களை நாணலிலிருந்து இழுத்துப் போட்ட ஈரக் கால்சட்டையோடு, தனியாக. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிற பாட்டைப் பாடினார். நெடிலெல்லாம் குறில், குறிலெல்லாம் நெடில். இரண்டாவது அடி மறந்துபோய், முதல் அடியையே மறுபடி பாடினார். யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை, முடிக்கிறவரை பாடினார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் எனக்காகப் பாடிக்கொண்டிருக்கிறார், நான் மனசுக்குள் ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நிறுத்து, நிறுத்து என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், முடியவில்லை. என்னைப் போல ஒரு கேவலமான பிறவியை நான் பார்த்ததில்லை.

நான் இறங்கிக் கிட்டே வருவதற்குள் அவர் மோட்டார் படகைக் கட்டப் போய்விட்டார். அவர் ஏன் எழுந்தார்? கேட்டு எழுது.

பிரிஹிரா


ஏரிக்கரை
24 மார்ச் 1998

பிரிஹிரா,

நான் வேண்டுமென்றேதான் எழவில்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு முழித்ததைப் பார்க்க எனக்கு நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். அவர் எழுந்து கெடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு சண்டை போட்டேன்.

நாணலில் செருகினாலும் தண்ணீரில் இறங்கினேன். எனக்கு அது போதும் என்று நைரியிடம் சொன்னேன். போதவில்லை, அது வேறு விஷயம். ஹேசல் இனிமேல் படகுப் பக்கமே வரமாட்டாளாம். ஆறாவது இருக்கை காலி. அடுத்த ஜனவரிக்குள் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், நீயும் கொடுக்கலாம், எல்லோரையும் போல வரிசையில் நின்று. நிபந்தனை ஒன்றும் போடக்கூடாது. படகுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கும்போது உன்னைக் கேட்கமாட்டோம்.

அவர் ஏன் எழுந்தார் என்று கேட்கச் சொன்னாய். கேட்டேன். அவளுக்காக நீங்க எதுக்கு எழுந்தீங்க, உங்கள அவ்வளவு கேவலப்படுத்தினவளுக்கு, என்றேன். இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“அவ தனியா நின்னுக்கிட்டிருந்தாளே” என்றார்.

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

மாகெரே